யாரிடமிருந்து மறைக்கிறோம்?

அமெரிக்காவில் தற்காப்புக்காகக் கைத்துப்பாக்கி வாங்க நினைக்கும் பெண்ணுக்கு அறிவுரை சொல்வதற்கென்றே ஓர் எழுத்து வகை வளர்ந்திருக்கிறது. கையேடுகள், பயிற்சி நூல்கள், விளம்பரங்கள் எல்லாம் அதில் சேரும். ரிவால்வரா, பிஸ்டலா? .380 போதுமா, 9 மி.மீ. வேண்டுமா? இடுப்பில் செருகுவதா, கைப்பையில் வைப்பதா? உடைக்கு மேல் புடைத்துத் தெரியுமா? இவை வெறும் தொழில்நுட்பக் கேள்விகள் என்று கடந்துவிடலாம். நான் இவற்றை ஒரு கதையாகவே வாசிக்கிறேன். அதில் நாயகி உண்டு, களம் உண்டு, எதிரி உண்டு. களம் பெரும்பாலும் ஆளரவமற்ற கார் நிறுத்துமிடம். எதிரி முகம் தெரியாதவன்.

இந்த எழுத்தில் பெண்களுக்குப் பயன்படும் செய்தி இல்லாமல் இல்லை. பெண் வந்தால் சிறிய துப்பாக்கியை எடுத்து நீட்டுவது கடைக்காரர்களின் பழைய வழக்கம். பெண் பயிற்சியாளர்கள் பலர் இதை மறுத்திருக்கிறார்கள். ஒரே வகைத் தோட்டாவைச் சுடும் இரண்டு துப்பாக்கிகளில் எடை குறைந்ததுதான் கையை அதிகமாக உதைக்கும். ஏறத்தாழ 400 கிராம் எடையில் ஐந்து தோட்டாக்கள் கொள்ளும் ரிவால்வர் பைக்குள் அழகாக அடங்கும். ஆனால் அதன் விசையை இழுக்க விரலில் வலு வேண்டும், குழல் குட்டை என்பதால் குறிவைப்பது கடினம், சில முறை சுட்டாலே மணிக்கட்டு வலிக்கும். தேர்ந்தவர்களுக்கே சவாலான கருவியை, முதன்முதலாகத் துப்பாக்கி பிடிக்கிறவளிடம் ‘உனக்கேற்றது’ என்று கொடுக்கிறார்கள். துப்பாக்கி உறையும் அப்படித்தான். அது கெட்டியான பெல்ட்டையும் நேரான இடுப்பையும் மனத்தில் கொண்டு செய்யப்பட்டது. பெண்ணின் உடையில் பெல்ட்டும் இல்லை, உருப்படியான பாக்கெட்டும் இல்லை. ஆகவே கைப்பை. வழிப்பறிக்காரன் முதலில் பிடுங்குவதும், வீட்டில் குழந்தை முதலில் துழாவுவதும் அந்தப் பையைத்தான். 2014 டிசம்பரில் ஐடஹோ மாநிலத்தில், துப்பாக்கிக்கென்றே தனி அறை வைத்துத் தைத்த கைப்பையிலிருந்து இரண்டு வயது மகன் துப்பாக்கியை எடுத்தான். கடையில் பொருள் வாங்கிக்கொண்டிருந்த தாய் அவன் கையால் இறந்தார்.

பெண்ணின் கையையும் உடலையும் அளவாகக் கொள்ளுங்கள் என்று கேட்பது நியாயமான பெண்ணியக் கோரிக்கை. ஆனால் அந்தக் கோரிக்கையைச் சந்தை எப்படி ஏற்றுக்கொண்டது? 1980களின் இறுதியில் துப்பாக்கி நிறுவனங்கள் பெண்களைப் புதிய வாடிக்கையாளர்களாகக் கண்டுகொண்டன. 1989இல் ஸ்மித் அண்ட் வெஸன், ‘லேடிஸ்மித்’ என்ற தன் பழைய பெயரை மீண்டும் தூசிதட்டி எடுத்தது. அதே ஆண்டில் பாக்ஸ்டன் குவிக்லியின் ‘ஆர்ம்ட் அண்ட் ஃபீமேல்’ நூல் வெளிவந்தது. 1992இல் கோல்ட் நிறுவனம் ஒரு பெண்கள் பத்திரிகையில் விளம்பரம் செய்தது. குழந்தையைப் படுக்கையில் தூங்கவைக்கும் தாய்தான் அதன் படம். தற்காப்பு உன் உரிமை மட்டுமல்ல, கடமையும்கூட என்பது அதன் சாரம். உரிமை எந்த இடத்தில் கடமையாகிறது என்று கவனியுங்கள். கடமை என்று சொல்லிவிட்டால், தாக்கப்பட்டவளிடமே ‘நீ ஏன் ஆயத்தமாக இல்லை?’ என்று கேட்கலாம். ‘அந்த நேரத்தில் அங்கே ஏன் போனாய்?’ என்ற பழைய கேள்வியின் புதிய வடிவம் இது.

இந்தக் கதை நம் நாட்டுக்கும் வந்தது. டெல்லிப் பேருந்துக் கொடுமை நடந்து ஓராண்டு கழிந்திருந்த நிலையில், 2014 ஜனவரியில் கான்பூர் துப்பாக்கித் தொழிற்சாலை ‘நிர்பீக்’ என்ற ரிவால்வரை அறிமுகப்படுத்தியது. கொல்லப்பட்ட பெண்ணுக்கு ஊடகம் சூட்டிய நிர்பயா என்ற பெயரை நினைவூட்டும் பெயர். அச்சமற்றவர் என்று பொருள். .32 காலிபர், ஆறு தோட்டாக்கள், 500 கிராம் எடை, விலை 1,22,360 ரூபாய். நகைப்பெட்டி போன்ற அரக்கு நிறப் பெட்டியில் வைத்துத் தந்தார்கள். அந்தப் பெட்டி பேசுகிறது: இதை வாங்கித் தரப்போவது அப்பாவோ கணவரோதான் என்று அதைச் செய்தவர்களுக்குத் தெரியும். இரவுப் பணி முடித்துப் பேருந்துக்குக் காத்திருக்கும் பெண்ணை நினைத்து வைத்த விலையும் அல்ல அது. இதை விற்றது தனியார் நிறுவனமும் அல்ல. சாலையையும் பேருந்தையும் பாதுகாப்பாக வைத்திருக்க வேண்டிய அரசு, தன் தொழிற்சாலையிலேயே செய்து, தான் தவறவிட்ட பொறுப்பைப் பெட்டியில் போட்டுப் பெண்ணுக்கே விற்றது.

இந்தக் கதையின் பெரிய ஓட்டை எதிரிதான். இந்தியாவில் பெண்களுக்கு எதிரான குற்றங்களாகப் பதிவாகிறவற்றில் முதலிடம் கணவனும் அவன் உறவினரும் செய்யும் கொடுமைக்கு. பதிவாகும் வன்புணர்வு வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் குற்றம் சாட்டப்பட்டவர் அவளுக்குத் தெரிந்தவர். தேசிய குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் சொல்லும் செய்தி இது. அமெரிக்காவில் ஜாக்குலின் கேம்ப்பெல் குழுவினர் பதினொரு நகரங்களில் ஆராய்ந்து 2003இல் வெளியிட்ட முடிவு இன்னும் துல்லியமானது: துணையைத் துன்புறுத்தும் ஆணுக்குத் துப்பாக்கி எட்டும் நிலை இருந்தால், அவள் கொல்லப்படும் ஆபத்து ஐந்து மடங்காகிறது.

கையேடுகள் பக்கம் பக்கமாகச் சொல்வது மறைக்கும் கலையை. தெருவில் போகிறவன் கண்ணுக்குப் படாமல் மறைக்கலாம். ஆனால் வீட்டில் ஒரே அலமாரியைத் திறப்பவன், அவள் கைப்பேசியின் கடவுச்சொல்லை அறிந்தவன், அவள் தூங்கும் நேரம் தெரிந்தவன், அவனிடமிருந்து எங்கே மறைப்பது? அவளுக்காக வாங்கிய துப்பாக்கி இருக்குமிடம் அவனுக்கும் தெரியும்.

சரி, அவளே முந்திக்கொண்டால்? ஃபுளோரிடாவில் 2010இல் மரிசா அலெக்ஸாண்டர் அதைத்தான் செய்தார். கறுப்பினப் பெண். குழந்தை பெற்று ஒன்பது நாளாகியிருந்தது. முன்பே தன்னைத் தாக்கிய கணவன் மீண்டும் மிரட்டியபோது, உரிமம் பெற்ற தன் துப்பாக்கியால் ஒருமுறை சுட்டார். தோட்டா சுவரில் பாய்ந்தது, யாருக்கும் காயமில்லை. பின்வாங்கத் தேவையில்லை என்று சொல்லும் அந்த மாநிலத்தின் புகழ்பெற்ற தற்காப்புச் சட்டம் அவருக்குப் பொருந்தாது என்றார்கள். கார் கொட்டகைக்குப் போனவர் வெளியேறாமல் துப்பாக்கியோடு வீட்டுக்குள் ஏன் திரும்பினார் என்பது வாதம். ஜூரிகள் 12 நிமிடங்களில் முடிவெடுத்தார்கள். 2012இல் 20 ஆண்டுச் சிறைத் தண்டனை. மேல்முறையீட்டில் அது ரத்தாகி, ஒப்பந்தத்தின் பேரில் 2015இல்தான் வெளியே வந்தார். அவர் எந்தக் காலிபர் வைத்திருந்தார் என்பதா அவர் கதியைத் தீர்மானித்தது?

நம் சட்டமும் இந்த இடத்தில் பிளவுபட்டே நிற்கிறது. வன்புணர்வு நோக்கத்தோடு தாக்குபவனைக் கொல்லும் அளவுக்குத் தற்காப்புரிமை உண்டு என்கிறது பாரதிய நியாய சன்ஹிதாவின் 38ஆம் பிரிவு. அதே சட்டத்தின் 63ஆம் பிரிவு, பதினெட்டு வயது நிறைந்த மனைவியைக் கணவன் வற்புறுத்துவதை வன்புணர்வு என்றே கணக்கில் எடுப்பதில்லை. அந்நியனுக்கு எதிராகச் சட்டம் அவள் கையில் கொடுக்கும் ஆயுதத்தைப் படுக்கையறை வாசலில் திரும்ப வாங்கிக்கொள்கிறது.

இதற்காகத் துப்பாக்கி வாங்கும் பெண்களை ஏளனம் செய்ய நமக்கு உரிமையில்லை. 2019 முதல் 2021 வரை அமெரிக்காவில் புதிதாகத் துப்பாக்கி வாங்கியவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் பெண்கள். பின்தொடர்பவனைப் பற்றிப் பலமுறை புகார் கொடுத்தும் காவலர்கள் அசையாத ஊரில், அவளிடம் அகிம்சை பேசுவது எளிது. அவள் பயம் உண்மை. நம் விமர்சனம் அந்தப் பயத்துக்குத் தவறான எதிரியைக் காட்டும் கதையின்மீது.

மணிப்பூரில் 2007இல் உருவான துப்பாக்கியால் பாதிக்கப்பட்ட பெண்களின் வலையமைப்பு வேறொரு கதையைத் தொடங்கியது. கணவனைத் தோட்டாவுக்குப் பறிகொடுத்த பெண்ணுக்கு முதலில் கொடுத்தது தையல் இயந்திரம். வருமானம் இருந்தால் வாடகை கட்டலாம். வாடகை கட்ட முடிந்தால் ஒரு வாசலைத் தாண்டி வெளியேறலாம். 2024இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், குடும்ப வன்முறைக்காகத் தடையாணை பெற்றவனிடம் துப்பாக்கி இருக்கக் கூடாது என்ற சட்டம் செல்லும் என்றது. ஒன்பது நீதிபதிகளில் எட்டுப் பேர் அதற்கு உடன்பட்டார்கள். இரண்டும் பெண்ணின் கையில் எதையும் மறைத்துத் தரவில்லை. ஒன்று அவள் வெளியேற வழி செய்கிறது. மற்றது அவன் கையிலிருப்பதைப் பிடுங்குகிறது.

எந்தத் துப்பாக்கி என்று ஒரு பெண் கேட்டால், எடையையும் காலிபரையும் சொல்வதற்கு முன் நாம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: உன் வீட்டுச் சாவி வேறு யாரிடம் இருக்கிறது?