கடிதங்களைச் சலிக்கும் சல்லடை – ஒரு விமரிசனம்

மாவு சலிக்கும் சல்லடை மிக எளிய சாதனம். அதன் கண்ணைவிடச் சிறியது கீழே இறங்கும். பெரியது மேலே தங்கும். அதற்கு மேல் அதற்கு ஒன்றும் தெரியாது. அரிசியின் அளவே உள்ள கல்லை அது அரிசியாகவே நடத்தும். ஆகவேதான் சல்லடைக்குப் பின் முறமும், முறத்திற்குப் பின் கல் பொறுக்கும் கண்ணும் நம் வீடுகளில் தேவைப்படுகின்றன.

மின்னஞ்சல்களைத் தரம் பிரிப்பதற்கென்றே கணிப்பொறி உலகில் ஒரு கட்டளை மொழி இருக்கிறது. அதன் பெயர் 'சிவ்'. ஆங்கிலத்தில் சல்லடை என்பதே அதன் பொருள். டிம் ஷோவால்டர் எழுதிய இதன் வரையறை 2001 ஜனவரியில் ஆர்.எஃப்.சி. 3028 என்னும் இணையத் தர ஆவணமாக வெளிவந்தது. 2008 ஜனவரியில் அது திருத்தப்பட்டு ஆர்.எஃப்.சி. 5228 என மீண்டும் வெளியாயிற்று. இம்மொழி எந்த அளவுக்கு நம்பத் தகுந்தது, எங்கே நம்மைக் கைவிடும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சல்லடை வேலை செய்யும் விதம்

கல்லூரி அறிவிப்பு, வேலை விண்ணப்பத்திற்கு வந்த பதில், வங்கியின் செய்தி, கடைகளின் விளம்பரம் ஆகிய அனைத்தும் ஒரே இன்பாக்ஸில் வந்து விழுகின்றன. இவற்றைக் கையால் பிரித்து வெவ்வேறு ஃபோல்டர்களில் போடுவது சலிப்பூட்டும் வேலை. இதை இயந்திரத்திடம் ஒப்படைக்கவே 'சிவ்' உதவுகிறது.

ஒவ்வொரு மின்னஞ்சலுக்கும் ஒரு தலைப்புப் பகுதி உண்டு. அனுப்புநர், பெறுநர், பொருள், தேதி முதலிய விவரங்கள் அதில் வரிவரியாக இருக்கும். சிவ் மொழியில் எழுதிய ஸ்கிரிப்ட், அதாவது கட்டளைத் தொகுப்பு, கடிதம் சர்வருக்கு வந்து சேரும் தறுவாயில் இவ்வரிகளைச் சோதிக்கிறது. 'பொருள் வரியில் தேர்வு என்னும் சொல் இருந்தால் கல்லூரி ஃபோல்டரில் போடு. கடிதத்தின் அளவு இவ்வளவுக்கு மேல் இருந்தால் தனியே வை' என்ற வகையில் விதிகள் அமையும். செய்யக்கூடிய செயல்கள் முக்கியமாக நான்கு: இன்பாக்ஸிலேயே வைத்தல், ஃபோல்டரில் போடுதல், வேறு முகவரிக்குத் திருப்புதல், ஓசையின்றி எறிந்துவிடுதல்.

மொழியின் வலிமை எங்கே?

இம்மொழியின் சிறப்பு, அது செய்ய மறுப்பவற்றில் இருக்கிறது. இதற்கு முன் யூனிக்ஸ் கணிப்பொறிகளில் பெரிதும் உபயோகிக்கப்பட்டது, 1990இல் ஸ்டீபன் வான் டென் பெர்க் உருவாக்கிய 'புரோக்மெயில்'. அதன் விதியிலிருந்து கணிப்பொறியில் உள்ள வேறு எந்த நிரலையும் இயக்கலாம். வல்லவர் கையில் அது நல்ல கருவி. ஆனால் ஆயிரக்கணக்கானோர் பகிர்ந்துகொள்ளும் ஒரு சர்வரில் ஒவ்வொருவருக்கும் அந்த உரிமையைக் கொடுத்தால் என்ன ஆகும்? ஒருவர் எழுதிய தவறான விதி எல்லோருடைய வேலையையும் நிறுத்திவிடலாம்.

சிவ் மொழியின் அடிப்படை வடிவில் மாறிகள் இல்லை. சுழற்சிக் கட்டளை இல்லை. வெளி நிரலை இயக்கும் வழியும் இல்லை. எனவே எந்த ஸ்கிரிப்டும் முடிவில்லாமல் ஓடிக்கொண்டிருக்க முடியாது. மேலும், அது ஒரு நேரத்தில் ஒரே ஒரு கடிதத்தை, இப்போது வந்த கடிதத்தை மட்டுமே காண்கிறது. கூகுளின் ஆப்ஸ் ஸ்கிரிப்ட் போன்ற முழுமையான நிரல் வசதிகளில் பழைய கடிதங்களையும் மொத்தமாக வகைப்படுத்தலாம். ஆனால் அங்கே ஒரு சிறு பிழை பத்தாண்டுக் கடிதங்களையும் ஒரே மூச்சில் கலைத்துவிடக் கூடும். சிவ் மொழியில் அந்த ஆபத்து இல்லை.

இதைவிடப் பெரிய சிறப்பு ஒன்று உண்டு. எந்த விதிக்கும் உட்படாத கடிதம் தானாகவே இன்பாக்ஸில் வைக்கப்படும். ஸ்கிரிப்ட் நடுவில் பிழையால் நின்றுவிட்டாலும் கடிதம் இன்பாக்ஸுக்கே போய்ச் சேர வேண்டும் என்று வரையறை கட்டளையிடுகிறது. 'ஐயம் வந்தால் எறியாதே, வை' என்பதே இதன் சாரம். மின்சுற்றில் பழுது நேர்ந்தால் விளக்கு அணையலாம், ஆனால் வீடு எரியக் கூடாது என்பதற்காக ஃப்யூஸ் வைக்கிறோம் அல்லவா? அதே அறிவு இங்கும் வேலை செய்கிறது. கடிதம் பிரிக்கும் எந்தக் கருவியையும் மதிப்பிட நாம் கேட்க வேண்டிய முதற் கேள்வியும் இதுவே: கருவி தவறினால் கடிதம் எங்கே போகும்?

விதியே தவறாக இருந்தால்?

இக்கேள்வியை மேலும் ஒரு படி எடுத்துச் சென்றால் மொழியின் குறை புலப்படும். ஸ்கிரிப்டில் பிழை இருந்தால் கடிதம் தப்பும். ஸ்கிரிப்ட் இலக்கணப்படி சரியாக இருந்து, அதை எழுதியவரின் எண்ணம் தவறாக இருந்தால் கடிதம் தப்பாது.

ஓர் எடுத்துக்காட்டு: கடைகளின் தள்ளுபடி விளம்பரங்களால் சலிப்படைந்த ஒருவர், 'பொருள் வரியில் ஆஃபர் என்னும் ஆங்கிலச் சொல் இருந்தால் எறிந்துவிடு' என்று விதி எழுதுகிறார். விளம்பரங்கள் நின்றுவிடுகின்றன. சில மாதங்களுக்குப் பின் ஒரு நிறுவனம் அவருக்கு வேலை நியமனம் தரும் 'ஆஃபர் லெட்டர்' அனுப்புகிறது. சொல் ஒன்றுதான், சல்லடைக் கண்ணும் ஒன்றுதான். கடிதம் போய்விடும். போனது அவருக்கும் தெரியாது, அனுப்பியவருக்கும் தெரியாது.

இயற்பியல் ஆய்வுக் கூடத்தில் மாணவர்கள் இருவகைப் பிழைகளைச் சந்திக்கிறார்கள். அளவீட்டில் ஒருமுறை கூடியும் ஒருமுறை குறைந்தும் வருவது தற்செயற் பிழை. பலமுறை அளந்து சராசரி கண்டால் அது குறையும். திருகு அளவியின் சுழி தவறியிருந்தால் வருவது முறைப்பிழை. எத்தனை முறை அளந்தாலும் அது அப்படியே நிற்கும். கடிதங்களைக் கையால் பிரிப்பவரின் பிழை பெரும்பாலும் முதல் வகை. ஸ்கிரிப்டின் பிழை இரண்டாம் வகை. ஒரே மாதிரியான கடிதத்தை அது ஒவ்வொரு முறையும் தவறவிடும்.

அளவையும் பார்ப்போம். நாளொன்றுக்கு 40 கடிதங்கள் வருவதாகவும், விதிகள் நூற்றுக்கு 99 முறை சரியாக வேலை செய்வதாகவும் கொள்வோம். ஆண்டுக்கு 14,600 கடிதங்கள். அவற்றில் 146 தவறான இடத்திற்குப் போகும். விளம்பரம் ஒன்று தவறி இன்பாக்ஸுக்கு வந்தால் இழப்பு இரண்டு விநாடி. நேர்முகத் தேர்வுக் கடிதம் தவறி மறைந்தால் இழப்பு ஒரு வேலை. இவ்விரண்டையும் 'பிழை' என்னும் ஒரே சொல்லால் எண்ணுவது பொருந்தாது.

இந்நிலையில், எறிந்துவிடும் கட்டளையை மற்ற கட்டளைகளுக்குச் சமமாக, ஒரே சொல்லில் எழுதிவிடக் கூடியதாக அமைத்தது இம்மொழியின் பெரிய குறை என்பது என் அபிப்பிராயம். எறிந்த கடிதத்திற்குக் குறிப்பேடு எதுவும் வைக்கும்படி மொழி கேட்பதில்லை. 'இக்கடிதம் ஏன் இந்த ஃபோல்டருக்கு வந்தது?' என்று வாசகர் கேட்டால் பதில் சொல்லும் வசதியும் மொழியில் இல்லை. ஜிமெயில் சிவ் மொழியை ஏற்பதில்லை. அதன் விதிகள் வெறும் படிவங்களே. ஆயினும் அங்கே 'நீக்கு' என்னும் விதிக்கு உட்பட்ட கடிதம் குப்பைப் பெட்டிக்குச் சென்று 30 நாட்கள் அங்கேயே இருக்கும். இந்த ஒரு விஷயத்தில் எளிய படிவம் சிறந்த மொழியை வென்றுவிடுகிறது.

போலிக் கடிதத்திற்குக் கிடைக்கும் மரியாதை

இன்னொரு ஆபத்தும் உண்டு. மின்னஞ்சலில் அனுப்புநர் வரியை எழுதுபவர் அனுப்புபவரேதான். தபால் உறையின் பின்புறம் யார் பெயரையும் யாரும் எழுதலாம் அல்லவா? அதுபோலத்தான். 'வங்கி முகவரியிலிருந்து வந்தால் வங்கி ஃபோல்டரில் போடு' என்ற விதி, வங்கியின் பெயரில் வரும் மோசடிக் கடிதத்தையும் மெய்யான கடிதங்களுக்கு நடுவே கொண்டுபோய் வைக்கும். இன்பாக்ஸில் கண்டிருந்தால் ஐயுற்றிருக்கக் கூடிய கடிதத்தை, வங்கி ஃபோல்டரில் கண்டதும் நம்பிவிடுகிறோம். வகைப்படுத்தல் என்பது சரிபார்த்தல் ஆகாது. அனுப்புநர் மெய்யானவர்தானா என்று சோதிக்க எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம். முதலிய வேறு முறைகள் உள்ளன. அச்சோதனைகளைச் செய்வது சர்வரின் வேலை. சல்லடை அவற்றுக்கு மாற்று அன்று.

தமிழ்ச் சொற்களைச் சலிக்கும்போது

தமிழில் பொருள் வரி எழுதி வரும் கடிதங்களைப் பிரிப்பதில் தனிப்பட்ட சில சிக்கல்கள் உள்ளன. மின்னஞ்சலின் தலைப்புப் பகுதி முதலில் ஆங்கில எழுத்துக்களுக்கென்றே அமைக்கப்பட்டது. பிற மொழி எழுத்துக்கள் அதில் ஒருவகைச் சங்கேத வடிவில் ஏற்றப்படுகின்றன. அவற்றை யூனிகோட் எழுத்துக்களாக மாற்றிக்கொண்ட பிறகே ஒப்பிடும்படி சிவ் வரையறை அறிவுறுத்துகிறது. இது பாராட்டத் தக்கது.

ஆனால் யூனிகோட்டிலேயே 'கல்வி உதவித்தொகை' என்பதில் உள்ள 'தொ' என்னும் எழுத்தை இருவிதமாக எழுதலாம். தகரத்துடன் ஒகரக் குறியைச் சேர்ப்பது ஒன்று; தகரத்துடன் கொம்பையும் காலையும் தனித்தனியே சேர்ப்பது மற்றொன்று. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். சிவ் மொழியின் இயல்பான ஒப்பீட்டு முறையோ ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டை மட்டுமே பொருட்படுத்தாமல் விடும். இவ்விரு வடிவங்களையும் வெவ்வேறாகவே கொள்ளும். ஆகவே உங்கள் விதியில் ஒரு வடிவமும் வந்த கடிதத்தில் மற்ற வடிவமும் இருந்தால் உதவித்தொகைக் கடிதம் அகப்படாது. எழுத்துக்களைக் கூறுகளாகப் பிரித்து ஒப்பிடும் முறை ஒன்று 2007இல் வரையறுக்கப்பட்டது. ஆனால் அதைத் தனியே கேட்டுப் பெற வேண்டும். சர்வரும் அதை அறிந்திருக்க வேண்டும்.

தமிழின் சொல்லமைப்பும் கவனிக்கத் தக்கது. 'கட்டணம்' என்று விதியில் எழுதினால் 'கட்டணத்தை' என்று வரும் கடிதம் விடுபடும். 'கட்டண' என்று மட்டும் எழுதினால் இரண்டும் அகப்படும். மாறாக, வருமான வரிக் கடிதங்களுக்காக 'வரி' என்று எழுதினால் 'முகவரி', 'வரிசை' ஆகிய சொற்கள் உள்ள கடிதங்களும் அதே ஃபோல்டரில் வந்து குவியும். சல்லடை எழுத்தைக் காண்கிறது, சொல்லைக் காண்பதில்லை.

ஃபோல்டர்கள் தேவைதானா?

2011இல் ஸ்டீவ் விட்டேக்கரும் அவருடன் பணியாற்றியோரும் 345 பேரின் மின்னஞ்சல் பழக்கத்தை நீண்ட காலம் ஆராய்ந்து முடிவுகளை வெளியிட்டனர். பழைய கடிதத்தைத் தேடியெடுக்க அவர்கள் செய்த 85,000க்கு மேற்பட்ட முயற்சிகள் அதில் ஆராயப்பட்டன. ஃபோல்டர் வழியாகச் சென்று தேடச் சராசரியாக 58 விநாடிகள் ஆயின. தேடல் வசதிக்கு 17 விநாடிகளே போதுமாயிருந்தன. நிறைய ஃபோல்டர்கள் வைத்திருந்தவர்கள் கடிதத்தைக் கண்டுபிடிப்பதில் கூடுதல் வெற்றி பெறவும் இல்லை.

இதனால் வகைப்படுத்தலே வீண் என்று கொள்ளக் கூடாது. பின்னால் தேடுவதற்காகக் கடிதங்களை அடுக்குவது வேறு. இன்றே படிக்க வேண்டியதை நாளை படிக்கலாம் என்பதிலிருந்து பிரிப்பது வேறு. முதல் வேலைக்குத் தேடல் வசதி போதும். இரண்டாம் வேலைக்கே விதிகள் பயன்படுகின்றன. ஆகவே இருபது ஃபோல்டர்களைவிட மூன்று ஃபோல்டர்கள் மேல்.

முடிவாக

கற்றுப் பழகும் மனிதரைப்போலப் புள்ளிவிவர முறையில் கடிதங்களைப் பிரிக்கும் வடிப்பான்களும் இன்று உள்ளன. வேண்டாத கடிதங்களைத் தடுப்பதில் அவை வல்லவை. ஆனால் ஒரு கடிதத்தை ஏன் ஒதுக்கின என்று அவற்றிடம் தெளிவான காரணம் பெறுவது கடினம். சிவ் மொழியில் எழுதிய விதியையோ யாரும் படித்துப் பார்த்துத் திருத்தலாம். இந்த வெளிப்படைத் தன்மைக்காகவே மாணவர்கள் இம்மொழியைக் கற்பது நன்று. ஃபாஸ்ட்மெயில், புரோட்டான் மெயில் ஆகிய சேவைகளும், டோவ்காட் என்னும் சர்வரின் துணை நிரலும் இதை ஏற்கின்றன.

கற்பவர்கள் நான்கு கட்டுப்பாடுகளை மேற்கொள்ளலாம். எறிந்துவிடும் கட்டளையை உபயோகிக்காமல், அதற்குப் பதிலாக 'ஐயம்' என்றொரு ஃபோல்டர் வைத்து வாரம் ஒருமுறை அதைப் புரட்டிப் பார்க்க வேண்டும். புதிய விதி எழுதியதும் அதற்கு உட்படக் கூடாத கடிதம் ஒன்றை உங்களுக்கே அனுப்பிச் சோதிக்க வேண்டும். பொருள் வரியில் உள்ள ஒரு சொல்லை மட்டும் நம்பாமல், அனுப்புநர் முகவரியையும் சேர்த்துச் சோதிக்க வேண்டும். விண்ணப்பம் அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் காலத்தில் விதிகளை ஒருமுறை மீண்டும் படித்துப் பார்க்க வேண்டும்.

வந்த கடிதத்தைக் காப்பதில் சிவ் மொழியை வகுத்தவர்கள் பாதி வழி வந்திருக்கிறார்கள். இயந்திரத்தின் பிழையிலிருந்து அவர்கள் கடிதத்தைக் காத்துவிட்டார்கள். நம்முடைய பிழையிலிருந்து அதைக் காக்கும் வேலை இன்னும் நம்மிடமே இருக்கிறது.