கார்பன் கிராங்க்: ஒரு 150 கிராம் கணக்கு

சேரப்பணஞ்சேரியில் நின்று "கிராங்க் மாத்தப் போறேன்"னு சொன்னா, எதிரில் இருப்பவர் கேட்கும் முதல் கேள்வி "எந்த வண்டிக்கு சார்?" என்பதுதான். ஒரகடத்தைச் சுற்றி டிரக், டயர், கார், புல்லட் என்று தொழிற்சாலைகள் ஓடுகிற ஊர். இங்கே கிராங்க் என்றால் கிராங்க் ஷாப்ட். பக்கத்து வீட்டுத் தம்பி ஒரு உதிரிபாகக் கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் இருக்கிறார். ரோடு பைக்குக்கு வரும் கார்பன் கிராங்க்செட் படத்தை அவரிடம் காட்டினேன். விலையைப் பார்த்து அவர் சிரிக்கவில்லை, அதுவே பெரிய விஷயம். கொஞ்ச நேரம் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "பூரா கார்பனாண்ணா? அப்ப பெடல் மாட்டுற மரை எதுல வெட்டியிருக்கான்?" என்றார்.

நான் அதுவரை படித்திருந்த ஏழெட்டு விமர்சனங்களில் ஒன்றுகூட இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. எடை, விறைப்பு, பளபளப்பு, அப்புறம் "காலுக்குக் கீழே உயிரோட்டமா இருக்கு" மாதிரி ஒரு வரி. அவ்வளவுதான். அந்த எரிச்சலில் எழுதுவதுதான் இது.

எடையை முதலில் முடித்துவிடுவோம், சுலபமானது. ஷிமானோவின் துரா-ஏஸ் கிராங்க்செட் அலுமினியம், சுமார் 690 கிராம். அல்டெக்ரா சுமார் 710. நல்ல கார்பன் செட் 550-600 கிராமில் கிடைக்கும். ஆக 150 கிராம் மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். ஏலகிரி மாதிரி ஒரு மலையில் 600 மீட்டர் உயரம் ஏறுகிறோம். நானும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ, கால் தருவது 200 வாட். காற்றையும் உருளும் தடையையும் விட்டுவிட்டால் ஏறி முடிக்க ஏறக்குறைய 42 நிமிடம். 150 கிராம் குறைந்தால் மிச்சமாவது 4.4 விநாடி. உச்சியில் டீக்கடையில் காசு எடுக்க அதைவிட நேரமாகும்.

"ஆனா இது சுத்துற எடை ஆச்சே" என்று உடனே ஒருவர் வருவார். சுத்துதுதான், ஆனால் மெதுவாக. 90 ஆர்.பி.எம்.மில் கிராங்க் கையின் நடுப்பகுதி நகர்வது விநாடிக்கு 0.8 மீட்டர். சைக்கிள் போவது 8 மீட்டர். அந்த 150 கிராமின் சுழற்சி ஆற்றல், அது சைக்கிளோடு முன்னே போகும் ஆற்றலில் ஒரு சதவீதம்தான். ரிம்முக்கும் டயருக்கும் பொருந்துகிற வாதத்தை அப்படியே தூக்கி கிராங்க் மேல் வைத்துவிட்டார்கள்.

போட்டி உலகமும் இதில் ஒரு பக்கம் சாயவில்லை. 2023 டூர் டி பிரான்ஸை விங்கேகார் வென்றது ஸ்ராமின் கார்பன் கிராங்கில். 2024-ல் போகச்சார் வென்றது அலுமினிய துரா-ஏஸில். அந்த வருடம் அவரிடம் நான் கவனித்தது நீளத்தை. 165 மி.மீ.க்கு மாறியிருந்தார்.

சரி, தம்பியின் கேள்விக்கு வருவோம். கார்பனில் நேரடியாக மரை வெட்டினால் நிற்காது. அதனால் கையின் நுனியில் ஓர் அலுமினியத் துண்டைப் பதித்து, அதில்தான் பெடல் மரையை வெட்டுகிறார்கள். மறுமுனையில் ஆக்ஸிலைப் பிடிக்கும் இடத்திலும் பெரும்பாலும் உலோகம்தான். ஆக, 'கார்பன் கிராங்க்' என்பது கார்பனும் உலோகமும் பசையால் சேர்ந்த ஒரு கூட்டுக்குடும்பம். கார்பன் நார் களைப்புக்கு நன்றாகத் தாங்கும், துருப்பிடிக்காது. ஆனால் கார்பனும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருக்கும்போது நடுவில் உப்புத்தண்ணீர் புகுந்தால் அலுமினியம் அரிக்கும். பேட்டரிக்குள் நடக்கிற அதே வேதியியல். அதைத் தடுக்க இடையில் கண்ணாடி நார் அடுக்கு, அனோடைசிங் என்று செய்கிறார்கள். எவ்வளவு ஒழுங்காகச் செய்திருக்கிறார்கள் என்பது வெளியே தெரியாது. மே மாதம் வண்டலூர்-வாலாஜாபாத் ரோட்டில் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு கிராங்கைப் பாருங்கள். வியர்வை சொட்டிய உப்புக்கோடு தெரியும். ஐரோப்பியக் குளிரில் மூன்று வாரம் ஓட்டி எழுதிய விமர்சனத்தில் இது எப்படி வரும்?

பசை இணைப்பு எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்குக் கார்பன்கூட வேண்டாம். ஷிமானோவின் 11 வேக அல்டெக்ரா, துரா-ஏஸ் கிராங்குகள் அலுமினியப் பாகங்களை ஒட்டிச் செய்தவை. 2012 ஜூனிலிருந்து 2019 ஜூன் வரை தயாரானவற்றில் ஒட்டுப் பிரிகிறது என்று 2023 செப்டம்பரில் திரும்பப்பெறும் அறிவிப்பு வந்தது. அமெரிக்காவில் மட்டும் சுமார் 6,80,000. பிரிந்ததாக வந்த புகார்கள் 4,519, காயம்பட்டவர்கள் ஆறு பேர். எல்லாவற்றையும் மாற்றித் தரவில்லை. கடையில் சோதித்து, பிரிவு தெரிந்தால்தான் புதுசு. உள்ளே இருக்கும் ஒட்டைக் கண்ணால் பார்த்து பாஸ் போடுவதா என்று தம்பி தலையில் அடித்துக்கொண்டார். இந்த கிராங்குகளுக்கு அந்த ஏழு வருடமும் வந்த விமர்சனங்களில் பெரும்பாலும் பாராட்டுதான். விமர்சகர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் அளந்தது வேறு.

அடுத்தது பூட்டுகிற வேலை. நான் பள்ளிக்கு ஓட்டிய சைக்கிளில் காட்டர் பின்தான். லூசானால் சுத்தியலால் ரெண்டு தட்டு. இப்போது ஷிமானோ இடது கையின் இரண்டு போல்ட்டுக்கும் 12-14 நியூட்டன் மீட்டர். ஸ்ராம் டப் முறைக்கு 54. கைக்கணக்கில் இறுக்கினால் ஒன்று கிரீச் சத்தம், இல்லையென்றால் கெட்டுப்போன மரை. வேடிக்கை என்னவென்றால், டார்க் ரெஞ்ச் இல்லாமல் ஒரு போல்ட்டைக்கூடத் தொடாத தொழிற்சாலைகளுக்கு நடுவில் இருக்கிறோம், ஆனால் சைக்கிள் கடையில் அது இல்லை. தம்பி இரவல் தந்தார்.

பிரேமில் பாட்டம் பிராக்கெட் எது என்று பார்க்காமல் கிராங்க் வாங்கவே கூடாது. என்னுடையது பி.எஸ்.ஏ. மரை. ஆமாம், அதே பி.எஸ்.ஏ.தான். 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரில் செய்து நம் வீட்டுக்கெல்லாம் வந்த சைக்கிளின் பெயரும், இந்த மரையின் பெயரும் ஒரே பர்மிங்காம் கம்பெனியிலிருந்து வந்தவை. வலது கப்புக்கு இடது மரை என்பதை மட்டும் மறக்காதீர்கள், ஒருமுறை மறந்துவிட்டு அரை நாள் போனது.

எனக்கு உண்மையிலேயே வித்தியாசம் தந்தது நீளம். என் உயரம் 167 செ.மீ. சைக்கிளோடு வந்தது 172.5 கிராங்க், 52/36 பல். 60 கி.மீ. தாண்டினால் இடது முழங்கால் முன்பக்கம் வலிக்கும். 165-க்குப் போனால் சீட்டை 7.5 மி.மீ. ஏற்றலாம். பெடல் உச்சிக்கு வரும்போது சீட்டுக்கும் பாதத்துக்கும் இடைவெளி 15 மி.மீ. கூடும். முட்டி அவ்வளவு மடங்க வேண்டாம். நெம்புகோல் குறையுமே என்றால், குறையும், சுமார் 4.3 சதவீதம். சின்னப் பல்சக்கரத்தை 36-லிருந்து 34 ஆக்கினால் கிட்டத்தட்ட 6 சதவீதம் திரும்ப வந்துவிடுகிறது. மேல் வேகம்? 50-11 கியரில் 90 ஆர்.பி.எம்.முக்கு 51 கி.மீ. கன்டெய்னர் லாரி பின்னாலிருந்து ஹாரன் அடித்தாலும் நான் அவ்வளவு போக மாட்டேன்.

இடையில் ஒருவர் பழைய கார்பன் செட் ஒன்றைப் பாதி விலைக்குத் தருவதாகச் சொன்னார், அதுவும் 165. ஆசையாகத்தான் போனேன். பெடலைக் கழற்றச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தோம். அலுமினியத் துண்டைச் சுற்றி முடி அளவுக்கு ஒரு வெள்ளைக் கோடு. பெயின்ட் கீறலா, ஒட்டு விடுகிறதா, சொல்ல வழியில்லை. "எங்க லைன்ல இதை ரெட் பின்ல போட்டுடுவோம்ணா" என்றார் தம்பி. விற்க வந்தவருக்குக் கோபம்.

அலுமினியமே வாங்கினேன், 165, 50/34. மூன்று மாதம் ஆகிறது. போன ஞாயிறு வாலாஜாபாத் தாண்டிப் போய்த் திரும்பினேன், 74 கி.மீ. முட்டி பேசவில்லை. கீழே வந்து பெடலைக் கழற்றி, மரையைத் துடைத்து, கிரீஸ் வைத்து மாட்டினேன்.