சங்கிலியை ஏலத்தில் எடுக்க முடியாது

புரோ கபடி ஏலம் முடிந்த ராத்திரி தமிழ் தலைவாஸ் ரசிகர்கள் ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கொள்வது ஒரே கேள்விதான்: "யாருப்பா ரைடர்?" பெயரைச் சொன்னதும் முகம் மலரும். இந்த வருஷம் கப்பு நமக்குத்தான். அதே ஏலத்தில் இடது கவருக்கு யாரை எடுத்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள், நிறையப் பேர் போனை எடுத்துத் தேட ஆரம்பிப்பார்கள். தலைவாஸ் 2017இலிருந்து ஆடுகிறது. அரையிறுதியைப் பார்த்தது ஒரே ஒரு முறை. ரைடரை மட்டும் கேட்கிற பழக்கத்துக்கும் இந்த ஒற்றை அரையிறுதிக்கும் சம்பந்தம் இருக்கிறது.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். 2017இல் லீக் 8 அணியிலிருந்து 12 அணியாகப் பெருகியபோது வந்தது தலைவாஸ். கேப்டன் அஜய் தாக்கூர். ஐந்தாவது, ஆறாவது சீசன் இரண்டிலும் அவர் 200 பாயின்டைத் தாண்டினார். இரண்டிலும் அணி தன் பிரிவில் கடைசி. ஏழாவது சீசனுக்கு 94 லட்சம் கொடுத்து ராகுல் சௌத்ரியை எடுத்தார்கள். அஜய், ராகுல், மஞ்சீத் சில்லர் என்று போஸ்டர் பார்க்கவே பயமாக இருந்தது. 12 அணிகளில் 12ஆவது இடம். 2022இல் பவன் ஷெராவத்துக்கு 2.26 கோடி, 2024இல் சச்சின் தன்வருக்கு 2.15 கோடி, 2025இல் அர்ஜுன் தேஷ்வாலுக்கு 1.405 கோடி, கூடவே மறுபடியும் பவன். அத்தனை பேரும் ரைடர்கள். ஓர் அணிக்கு ஏலத்தில் மொத்தமாக அனுமதிக்கப்படுவதே 5 கோடி என்கிறபோது, ஒரு ஆளுக்கு இரண்டு கோடி என்றால் மிச்சம் இருக்கிற இடங்களை எப்படி நிரப்புவார்கள் என்று நாமே யூகிக்கலாம்.

"ரைடர் இல்லாம பாயின்ட் எப்படி வரும்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வராதுதான். ஆனால் பிடி என்பது என்ன வேலை என்று கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ரைடர் 30 வினாடி உள்ளே இருக்கிறார். எதிரே ஏழு பேர். இரண்டு ஓரத்திலும் கார்னர், அவர்களுக்கு உள்பக்கம் 'இன்', அதற்கும் உள்ளே கவர், நடுவில் ஒருவர். இவர்கள் கை கோத்து நகர்வதைத்தான் செயின், சங்கிலி என்கிறோம். ரைடர் ஓரத்துக்குப் போகிறார், கார்னர் கணுக்காலைப் பிடிக்கிறார். டிவியில் நாம் பார்ப்பது இவ்வளவுதான். பிடித்த அந்த நொடியில் கவர் வந்து வழியை மறித்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் எண்பது கிலோ ஆள் ஒருத்தன் ஒரு காலை விட்டுவிட்டு உடம்பை நீட்டி நடுக்கோட்டைத் தொட்டுவிடுவான். தொட்டால் அவனைத் தொட்டிருந்த எல்லோரும் வெளியே. மூன்று பேர் போனால் அது சூப்பர் ரைடு, ஆட்டம் கவிழ்ந்துவிடும். சரி, கவர் முன்கூட்டியே பாய்ந்தால்? அவர் விட்ட இடம் காலி, ரைடர் அந்த வழியே போய்விடுவார். சீக்கிரம் போனாலும் தப்பு, தாமதமாகப் போனாலும் தப்பு. அந்த நடு நொடி எது என்று கவருக்கு எப்படித் தெரிகிறது? கார்னரோடு ஆடிப் பழகியதில் தெரிகிறது. வேறு வழியே இல்லை.

இதில் ஒரு அநியாயமும் உண்டு. டேக்கிள் பாயின்ட் பிடித்த ஒரு ஆளின் கணக்கில்தான் ஏறும். மறித்தவருக்குக் கணக்கில் ஒன்றும் இல்லை. பாயாமல் நின்று, சங்கிலியை உடைக்காமல் வைத்திருந்து, ரைடரை வெறுங்கையோடு திருப்பி அனுப்பியவருக்குச் சுத்தமாக ஒன்றும் இல்லை. ஸ்கோர் பலகைக்குத் தெரியாத வேலை அது. ஏலத்தில் உட்கார்ந்திருப்பவர் பார்ப்பது ஸ்கோர் பலகையை.

அமெரிக்கக் கால்பந்தில் இதே பிரச்சினை வேறு பெயரில் இருக்கிறது. அங்கே பந்தை எறிகிற குவார்ட்டர்பேக்தான் நாயகன். அவரைச் சுற்றி ஐந்து பெரிய உடம்புகள் சுவர் மாதிரி நிற்கும், அதற்கு ஒஃபென்சிவ் லைன் என்று பெயர். அவர்கள் பந்தைத் தொடுவதே அபூர்வம், கணக்கில் ஏறுகிற மாதிரி எதுவும் செய்வதில்லை. சுவர் விழுந்தால் மட்டும் எல்லோருக்கும் அவர்கள் பெயர் தெரியும். அந்தச் சுவரின் இடது ஓரத்து ஆள் எப்படி விலை உயர்ந்தவர் ஆனார் என்பதை வைத்து மைக்கேல் லூயிஸ் 2006இல் ஒரு புத்தகமே எழுதினார். ஒரு வித்தியாசம் கவனிக்க வேண்டியது. அங்கே கல்லூரியிலிருந்து வருகிற இளம் ஆட்களை ஏலம் விடுவதில்லை, டிராஃப்ட் என்று ஒரு முறை. போன வருஷம் கடைசியாக வந்த அணி முதலில் தேர்ந்தெடுக்கலாம். தோற்றவனுக்கு ஒரு கை கொடுக்கிற ஏற்பாடு. நம் ஏலத்தில் அப்படி ஒரு கருணையும் இல்லை. கடைசி இடத்துக்கும் அதே பணம், முதல் இடத்துக்கும் அதே பணம். எனவே இங்கே புத்தி மட்டும்தான் வித்தியாசம் காட்ட முடியும்.

இனி அந்த ஒரே நல்ல சீசனுக்கு வருவோம். 2022, ஒன்பதாவது சீசன். 2.26 கோடி பவன் முதல் ஆட்டத்திலேயே, குஜராத்துக்கு எதிராக, முழங்காலில் அடிபட்டு வெளியே போனார். சீசன் முழுக்க வரவில்லை. தொடக்கம் தடுமாற்றம், நடுவில் பயிற்சியாளரும் மாறினார், அஷன் குமார் வந்தார். கேப்டன் பொறுப்பு கார்னர் ஆடுகிற சாகர் ராத்தீயிடம் போனது. சாகர், சாஹில் குலியா, நம்ம ஊர் எம். அபிஷேக் எல்லாம் முந்தைய சீசனிலேயே ஒன்றாக நின்றவர்கள். முன்னால் ரைடுக்கு நரேந்தர் என்ற புதுப் பையன், ஏலத்தில் கோடி கொடுத்து வந்தவர் இல்லை, இளம் வீரர் ஒதுக்கீட்டில் வந்தவர். 243 ரைடு பாயின்ட் எடுத்தார். யூபி யோதாஸை 36-36 சமனுக்குப் பிறகு டைபிரேக்கரில் 6-4 என்று தாண்டி அரையிறுதி. அங்கே புனேயிடம் 37-39. இரண்டே பாயின்ட்.

பவன் அடிபட்டதால்தான் நன்றாக ஆடினார்கள் என்று சொல்லவில்லை, அது அபத்தம். பின்னால் பிடி நிற்கிறது என்ற தைரியம் இருந்தால் முதல் சீசன் ஆடுகிற பையன்கூடப் பயமில்லாமல் ரைடு போகலாம். அவன் அவுட் ஆனாலும் உடனே உள்ளே அழைத்துவர ஆள் இருக்கிறது. கபடியில் பிடி என்பது தற்காப்பு மட்டும் இல்லை. ஒருவரைப் பிடித்தால் நம்மவர் ஒருவர் திரும்ப உள்ளே வருகிறார். ரைடரை உயிர்ப்பிப்பதே பிடிதான்.

இங்கே ஒரு எதிர்க்கேள்வி வரும், வர வேண்டும். எட்டாவது சீசனில் சாகர் 82 டேக்கிள் பாயின்ட் எடுத்து லீக்கிலேயே இரண்டாவது ஆளாக இருந்தார், தலைவாஸ் 11ஆவது. பதினோராவது சீசனில் சிறந்த டிஃபெண்டர் விருதே தலைவாஸின் நிதேஷ் குமாருக்கு, 77 பாயின்ட். அணி 9ஆவது. பத்தாவது சீசனில் அந்தப் பழைய வரிசையை வைத்துக்கொண்டே 9ஆவது. அப்போ பிடியால் என்ன பிரயோஜனம்?

இதற்குப் பதில் புனேயில் இருக்கிறது. எட்டாவது சீசனிலேயே புனே இளம் பையன்களை வைத்து ஒரு வரிசையைக் கட்ட ஆரம்பித்தது. ஒரு கவர் சங்கேத் சாவந்த், இன்னொரு கவர் அபினேஷ் நடராஜன். எட்டாவது சீசனில் எலிமினேட்டரில் தோல்வி, ஒன்பதில் இறுதிப்போட்டியில் தோல்வி. அவர்களைக் கலைக்கவில்லை. பத்தாவதில் அந்த வரிசையின் ஓரத்தில் ஈரானின் முகமத்ரெசா ஷாட்லூயியை 2.35 கோடிக்குக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அவர் 99 டேக்கிள் பாயின்ட் எடுத்தார், புனே கோப்பை எடுத்தது. கோடி கொடுத்தார்கள்தான். ஆனால் ஏற்கனவே கட்டிய சுவருக்குக் கடைசிக் கல்லாகக் கொடுத்தார்கள். அடுத்த சீசனில் அதே ஷாட்லூயி ஹரியானாவுக்குப் போனார். அங்கேயும் ஜெய்தீப், ராகுல் சேத்பால் என்று பழகிய ஜோடி. இறுதிப்போட்டியில் எதிரே பாட்னா, சீசனில் 301 ரைடு பாயின்ட் எடுத்த தேவாங்க் இருந்த அணி. ஹரியானா 32, பாட்னா 23. நல்ல கார்னர் ஒருவரை நிறுத்தினால் நல்ல டேக்கிள் கிடைக்கும். வரிசை கிடைக்க வேண்டுமானால் பக்கத்தில் இருப்பவரும் அதே ஆளாகத் தொடர வேண்டும், ஒரு மோசமான சீசனுக்குப் பிறகும்.

அபினேஷ் நடராஜன் என்ற பெயரை இன்னொரு தடவை படியுங்கள். தமிழ்நாட்டுப் பையன். புனேவுக்காகக் கவர் ஆடிக் கோப்பை எடுத்தார். இது முதல் தடவையும் இல்லை. தஞ்சாவூர் மாவட்டத்துக்காரர் தர்மராஜ் சேரலாதன், நாற்பதைத் தாண்டிய வயதில், 2016இல் பாட்னாவுக்குக் கேப்டனாக நின்று கோப்பை வாங்கினார். ஆடியது கார்னர். லீக் முழுக்க அவரை 'அண்ணா' என்றுதான் கூப்பிட்டார்கள். அதற்குப் பிறகு புனே, மும்பை, ஹரியானா என்று ஆடினார். தலைவாஸ் ஜெர்சியில் ஆடவில்லை. 2024இல் பயிற்சியாளர் குழுவில்தான் வந்தார். பெயரில் 'தமிழ்' வைத்திருக்கிற அணி, தமிழ்நாடு எதில் தேர்ந்தது என்று பார்க்காமல் வடக்கே ரைடர் தேடிக்கொண்டிருந்தது என்பதுதான் என் குறை.

நம் சினிமாவும் இதையே செய்கிறது. 'கில்லி'யிலிருந்து 'வெண்ணிலா கபடி குழு' வழியாகப் போன வருஷத்து 'பைசன்' வரைக்கும் எடுத்துக்கொள்ளுங்கள். 'பைசன்' எனக்குப் பிடித்த படம். ஒரு கிராமத்துப் பையனுக்கும் மைதானத்துக்கும் நடுவில் எத்தனை வேலிகள் என்று அதில் தெரிகிறது. ஆனால் ஆட்டம் ஆரம்பித்தால் காமிரா ரைடு போகிறவன் பின்னாலேயே போகிறது. எதிரே நிற்கிறவர்கள் அவனுக்குத் தடை. அவன் பக்கத்து ஆறு பேர் கைதட்டுகிறவர்கள். ஒருத்தன் தனியாக எல்லோரையும் தாண்டி வருவது கதைக்கு வசதி. ஆறு பேர் அசையாமல் நின்று ஒருத்தனை வெறுங்கையோடு அனுப்புவதை எப்படிப் படமாக்குவது என்று நம் இயக்குநர்கள் இன்னும் யோசிக்கவே ஆரம்பிக்கவில்லை. எழுத்தாளர்களும்தான்.

இது ரசனைப் பிரச்சினை மட்டும் என்றால் விட்டுவிடலாம். அடி அண்ணாமலையில் உட்கார்ந்து பார்த்தால் அப்படித் தெரியவில்லை. கிரிவலப் பாதையை ஒட்டிய எங்கள் பக்கத்துக் கிராமங்களில் பொங்கல் சமயம் மண் தரையில் கோடு போட்டு, லைட் கட்டி, விடிய விடிய ஆட்டம் நடக்கும். அந்த அணிகளில் கார்னரும் கவரும் அண்ணன் தம்பியாக இருப்பார்கள், இல்லாவிட்டால் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். "டேய், நீ கால புடி, நான் இருக்கேன்" என்று சொல்லக்கூடத் தேவையில்லை. நான் மேலே சொன்ன அந்த நடு நொடி அவர்களுக்குப் பத்து வருஷமாகத் தெரியும். கோடிகளில் வாங்க முடியாத சரக்கு அது.

அடுத்து செலக்‌ஷன் வருகிறது. மாவட்ட அணி, ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டல், ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ரயில்வே, போலீஸ் வேலை. இந்தப் பையன்களுக்குக் கபடி என்பது கடைசியில் அதுதான், வீட்டில் ஒருத்தருக்கு நிரந்தரச் சம்பளம். டிரையலில் முன்பின் தெரியாத ஏழு பேரைச் சேர்த்து நிற்க வைப்பார்கள். ரைடு போகிறவனுக்குப் பிரச்சினை இல்லை. 30 வினாடியில் தன் சரக்கைத் தனியாகக் காட்டிவிடலாம். கவர் என்ன செய்வான்? அவன் திறமையில் பாதி பக்கத்து ஆளிடம் இருக்கிறது, அந்த ஆள் ஊரில் இருக்கிறான். தெரியாதவனோடு நின்று ஒரு தடவை முன்கூட்டிப் பாய்வான், ஒரு தடவை தாமதமாவான், லிஸ்டில் பெயர் இருக்காது. அடுத்த வருஷம் வயசு வரம்பு தாண்டிவிடும்.

எனவே தலைவாஸ் அடுத்து யாரை எடுக்கலாம் என்று கேட்டால் நான் ஒரு ஸ்டார் பெயரைச் சொல்லப்போவதில்லை. இளம் வீரர் ஒதுக்கீடு என்கிற கதவு இருக்கிறது, நரேந்தர் வந்த கதவு. அதில் தனி ஆளாக எடுக்காமல் ஜோடியாக எடுங்கள். ஒரே ஊர், ஒரே பள்ளி, ஒரே கிளப்பில் ஐந்து வருஷம் சேர்ந்து நின்ற ஒரு கார்னரும் ஒரு கவரும். எத்தனை பேரைப் பிடித்தான் என்று எண்ண வேண்டாம். எத்தனை தடவை தேவையில்லாமல் பாயாமல் இருந்தான், பக்கத்து ஆள் பிடித்த எத்தனை பிடியில் இவன் சரியான நேரத்துக்கு வந்தான், மூன்றே பேர் மிச்சம் இருக்கும்போது எப்படி நின்றான் என்று எண்ணுங்கள். அப்படி எண்ண டிவி உதவாது. ஆள் அனுப்ப வேண்டும், மண் தரை ஓரத்தில் ராத்திரி முழுக்க உட்கார வேண்டும். இரண்டு கோடி கொடுப்பதைவிட அது மலிவு. பிறகு அந்த ஜோடியை மூன்று சீசன் கலைக்காமல் வைத்திருங்கள். முதல் வருஷம் தோற்பார்கள், பரவாயில்லை. கோடி கொடுத்தும் தோற்றுக்கொண்டுதானே இருக்கிறோம்.

நமக்கும் ஒரு வேலை உண்டு. அடுத்த ஆட்டத்தில் ரைடர் நம் பக்கம் வரும்போது அவரைப் பார்க்காமல் வலது கவரை மட்டும் ஒரு பாதி ஆட்டம் பாருங்கள். இருபது நிமிஷம்தான். முதல் ஐந்து நிமிஷம் போரடிக்கும். அதற்கப்புறம் அவர் கால் எப்போது நகர்கிறது, எப்போது நகராமல் நிற்கிறது என்று தெரிய ஆரம்பிக்கும். அவர் பெயரும் தானாகவே ஞாபகம் இருக்கும்.