ஓமந்தூராருக்கு மணிமண்டபம் மட்டும் போதுமா?

கூட்டேரிப்பட்டு ஜங்ஷன் டீக்கடையில் "ஓமந்தூருக்கு எப்படிப் போறது?" என்று கேட்டேன். "ஓமந்தூரார் ஆஸ்பத்திரியா? அது மெட்ராஸ்ல இல்ல இருக்கு!" என்றார் பக்கத்தில் நின்றவர். அவர் ஊர் திண்டிவனம் பக்கம்தானாம்.

நான் தேடிப் போனது அந்த ஆஸ்பத்திரிக்குப் பேர் கொடுத்த மனுஷரை. ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார், 1895இல் ஓமந்தூரில் பிறந்த விவசாயி. 1947 ஆகஸ்ட் 15 அன்று சென்னை மாகாணத்தின் பிரதமர் நாற்காலியில் இருந்தவர். (அப்போது முதல்வரை அப்படித்தான் சொல்வார்கள்.) 1949இல் பதவி விலகி, பிறகு வடலூரில் வள்ளலார் வழியில் வாழ்ந்தார். 1970இல் காலமானார்.

சொந்த ஊரில் அரசு அவருக்கு மணிமண்டபம் கட்டியிருக்கிறது. நல்லதுதான். ஆனால் எனக்கு மணிமண்டபம் என்கிற வடிவத்தின் மேலேயே ஒரு வருத்தம் உண்டு. அது கும்பிடச் சொல்லும், கேள்வி கேட்க விடாது. விருதுநகரில் காமராஜர் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். முதலமைச்சரின் அம்மா கடைசிவரை இவ்வளவு சின்ன வீட்டிலா இருந்தார் என்று நாமே கேட்டுக்கொள்வோம்.

அமெரிக்காவில் ஜெஃபர்சனின் மாண்டிசெல்லோ மாளிகை இன்னும் ஒரு படி மேலே போகிறது. எல்லா மனிதரும் சமம் என்று எழுதியவர், தன் வாழ்நாளில் அறுநூறுக்கும் மேற்பட்டவர்களை அடிமைகளாக வைத்திருந்தார். பல காலம் பூசி மெழுகினார்கள். இப்போது அந்த வீட்டைப் பார்க்க வருகிறவர்களிடம் அதையும் சொல்கிறார்கள். அங்கே அடிமையாக இருந்த சாலி ஹெமிங்ஸுக்கென்று 2018இல் தனிக் காட்சியே திறந்தார்கள்.

ஓமந்தூராரை ஜெஃபர்சனோடு சேர்த்துவைத்துத் திட்டுவது என் நோக்கமில்லை. இவர் ஆட்சியில்தான் 1947இல் ஆலயப் பிரவேசச் சட்டமும் தேவதாசி ஒழிப்புச் சட்டமும், 1948இல் ஜமீன் ஒழிப்புச் சட்டமும் வந்தன. இரண்டே வருஷத்தில் இவ்வளவு! ஆனால் ஜமீன் ஒழிப்பில் பட்டா கிடைத்தது ரயத்துகளுக்கு. அதே வயலில் கூலிக்கு நாற்று நட்டவருக்கு நிலம் வரவில்லை. கோயில் கதவு சட்டத்தில் திறந்தது சரி, ஊருக்கு ஊர் அது எப்போது நிஜமாகத் திறந்தது?

இந்தக் கேள்விகளுக்கு ஓமந்தூரை விடப் பொருத்தமான இடம் எது? பெரிய செலவு வேண்டாம். அந்த மூன்று சட்டங்களையும் எளிய தமிழில் எழுதிவைக்க ஒரு அறை போதும். ஊரிலும் காலனியிலும் இருக்கிற பெரியவர்கள் பேச்சைப் பதிவு செய்ய ஒரு ரெக்கார்டர். 1947இல் பத்து வயசு இருந்தவர்கள் இப்போது தொண்ணூறை நெருங்குகிறார்கள்.