பொதுச்சுவர்

கோவையை அடுத்த சோமனூர், கருமத்தம்பட்டிப் பக்கத்தில் 'லைன் வீடு' என்று சொன்னால் போதும், கொத்தனார் வரைபடம் கேட்க மாட்டார். நீளமாக ஒரே முகடு, இருபக்கமும் சரியும் சீமை ஓடு. குறுக்கே சுவர் வைத்துத் தடுத்தால் ஒவ்வொரு தடுப்பும் ஒரு வீடு. முன்னால் திண்ணை, உள்ளே ஓர் அறை, அதற்குப் பின்னால் அடுப்படி. குளியலறை எல்லாருக்கும் பொது.

கோவையில் ஸ்டேன்ஸ் மில் 1888லேயே வந்துவிட்டது. ஆனால் 1932ல் பைக்காரா மின்சாரம் வந்த பிறகுதான் பீளமேடு, சிங்காநல்லூர் என்று மில்கள் பெருகின. வேலைக்கு வந்தவர்கள் தங்க இடம் வேண்டுமே! மில்காரர்களும் கட்டினார்கள், தோட்டத்து ஓரம் நிலம் வைத்திருந்தவர்களும் வாடகைக்குக் கட்டினார்கள். பின்னால் விசைத்தறி வந்தபோது சோமனூரில் தறிக்குடோனும் லைனும் ஒரே காம்பவுண்டுக்குள் சேர்ந்தன.

பிளேக் நோய்க்குப் பிறகு திட்டமிட்டு விரித்த ஆர்.எஸ்.புரத்தின் நேர்வீதிகளை எல்லாரும் மெச்சுகிறோம். இந்த லைன்களில் உள்ள திட்டத்தை யாரும் கவனிப்பதில்லை என்பது எனக்கு ஆற்றாமையாகவே இருக்கிறது. இங்கிலாந்தில் டைட்டஸ் சால்ட் தன் மில் தொழிலாளர்களுக்குக் கட்டிய சால்டேர் ஊரின் வரிசை வீடுகள் 2001ல் உலக மரபுச் சின்னமாயின. அங்கே மேஸ்திரிக்குப் பெரிய வீடு, தொழிலாளிக்குச் சின்னது. நம் லைனில் முதல் கதவுக்கும் கடைசிக் கதவுக்கும் அளவு ஒன்றுதான்.

சுவரைப் பாருங்கள். இரண்டு வீட்டுக்கு ஒரு சுவர் என்பதால் செங்கல் மிச்சம். நடு வீடுகளின் பக்கச்சுவரில் வெயிலே படாது. பழைய லைன்கள் சிலவற்றில் அந்தச் சுவரை முகடு வரை ஏற்றாமல் விட்டத்தோடு நிறுத்தியிருப்பார்கள். ஓட்டுக்கடியில் எல்லா வீட்டுக்கும் ஒரே காற்று. ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் நாலு வீடு தும்மும். பகலிலும் இருண்டிருக்கும் அடுப்படிக்கு ஒரே ஒரு கண்ணாடி ஓடு வெளிச்சம் தரும்.

எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்தது எதிரெதிர் லைன்களுக்கு நடுவே விடும் வாசல். கட்டில் போட, துணி காயப்போட, சீருக்குப் பந்தல் போட அதுதான் இடம். இரவு ஷிப்டு முடிந்து வந்தவர் உள்ளே தூங்குவார். அவர் பிள்ளையை எதிர்வீட்டு அம்மிணி பார்த்துக்கொள்வார்.

இப்போது காங்கிரீட்டில் மாடி வைத்துக் கட்டுகிறார்கள், வடக்கிலிருந்து வந்த தொழிலாளிகள் குடியிருக்கிறார்கள். கட்டட்டும், இடம் வேண்டும்தான். ஆனால் திண்ணையை எடுத்து அறைக்குள் சேர்ப்பதும், வாசலைச் சுருக்கி பைக் நிறுத்துமளவுக்கு ஆக்குவதும் தப்பு. ஓர் அறை குறைந்தாலும் பரவாயில்லை, கட்டில் போடுகிற அளவுக்காவது வாசலை விடுங்க.