வட்டில்லாத வட்டு

காரணப்பெயர் தன் காரணத்தை இழந்த பின்னரும் வழங்கிவருதல் மொழிக்குப் புதிதன்று. எள்ளின் நெய்யே எண்ணெய். ஆயினும் தேங்காயெண்ணெய் என்பதை எவரும் பிழையென்பதில்லை. லினக்ஸ் இயங்குதளத்தின் தொடக்கக் கோப்பொன்றின் பெயரும் இவ்வாறு திரிந்ததே. எண்ணெய்க்கு அளிக்கும் சலுகையை இதற்கும் அளித்தல் தகுமா என்பதே வினா.

கணினியை முடுக்கியதும் கேர்னல் நினைவகத்துக்கு வருகின்றது. உண்மையான வட்டினைத் திறப்பதற்கான இயக்கிகள் பல அப்போது அதனிடம் இல்லை. அவற்றைச் சுமந்து வருவதே இச்சிறு கோப்பு. பழைய முறையில் அது ஒரு வட்டின் பிரதி. நினைவகத்தின் ஒரு பகுதியே வரையறுத்த அளவுடைய வட்டாக நடித்தது. அதனுள் எக்ஸ்ட்2 போன்றதொரு கோப்பு முறைமை இருந்தது; அதனை வாசிக்கும் ஆற்றலும் கேர்னலுள்ளேயே கட்டப்பட்டிருத்தல் வேண்டும். இனிட்ஆர்டி, அதாவது தொடக்க நினைவக வட்டு, என்னும் பெயர் அதற்கு முற்றும் பொருந்தியது.

2002இல் 2.5 வரிசையிற் புகுந்து, 2003 டிசம்பரில் 2.6 பதிப்புடன் பரவலான இனிட்ராம்எவ்எஸ் வேறொரு பொருள். அதில் வட்டே இல்லை. சிபிஐஓ முறையிற் கட்டிய பொதியைக் கேர்னல் அவிழ்த்து, தேவைக்கேற்ப வளரவும் சுருங்கவும் வல்ல நினைவகக் கோப்பு முறைமையில் இடுகின்றது. போலி வட்டில் உள்ளதையே நினைவகத்தில் மறுபடியும் பிரதிசெய்யும் வீண்செலவு இதனால் ஒழிந்தது. முன்னையதில் லினக்ஸ்ஆர்சி என்னும் நிரல் பணிமுடித்துக் கேர்னலிடம் திரும்பும். பின்னையதில் இனிட் திரும்புவதில்லை. முதலாம் இலக்கச் செயலாக நின்று, உண்மை வட்டிலுள்ள இனிட்டிடம் பொறுப்பைக் கையளிக்கின்றது.

பெடோரா கோப்பிற்கும் புதிய பெயரையே இடுகின்றது. டெபியனிலோ, இனிட்ராம்எவ்எஸ்-டூல்ஸ் என்ற கருவி ஆக்கும் கோப்பு இனிட்ஆர்டி.ஐஎம்ஜி என வெளிவருகின்றது! கருவிக்குத் தெரிந்த உண்மை கோப்பிற்குத் தெரியவில்லை போலும். ‘பிரதி’ எனப் பொருள்படும் அவ்வீற்றொட்டு வழுவை இரட்டிக்கின்றது.

கிரப் ஏற்றியின் கட்டளையும் இனிட்ஆர்டியே. அதனை மன்னிக்கலாம். கோப்பை நினைவகத்தில் வைத்து இடத்தைச் சுட்டுவதே ஏற்றியின் கடன். உள்ளிருப்பது யாதெனப் பார்த்தறிவது கேர்னல். கோப்பின் பெயரையோ மனிதன் வாசிக்கின்றான், அதுவும் பெரும்பாலும் கணினி எழும்ப மறுத்த வேளையில். பெயரை நம்பி அதனை வட்டாக ஏற்ற முயல்பவனுக்கு மறுப்பே கிட்டும். பொதியென உணர்ந்து அவிழ்ப்பவனும் தப்புவதில்லை. பல கணினிகளில் செயலிக்குரிய நுண்நிரலைக் கொண்ட சிறு பொதியொன்று முன்னே ஒட்டப்பட்டிருக்கும். அதை மட்டும் கண்டவன் எஞ்சியவை அழிந்தன என்றே எண்ணுவான்.