ழான்-குளோத் காரியேரின் தழுவல் நெறி: ஒரு மதிப்பீடு

பிரெஞ்சுத் திரைக்கதையாசிரியரும் புதின ஆசிரியருமான ழான்-குளோத் காரியேர் (1931-2021) இந்தியாவில் பெரும்பாலும் மகாபாரத நாடகத்தின் ஆசிரியராகவே அறியப்படுகிறார். அவருடைய எழுத்துப்பணியை மொழிபெயர்ப்பியல் நோக்கில் மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1957இல் முதற்புதினத்தை வெளியிட்ட காரியேர், அடுத்த ஆண்டே ழாக் தத்தியின் திரைப்படங்களைப் புதினமாக்கினார். பின்னர் இதற்கு எதிர்த்திசையில் இயங்கினார். இயக்குநர் லூயி புனுவலுக்காக மிர்போ (1964), கெசல் (1967), பியர் லூயி (1977) ஆகியோரின் புதினங்களைத் திரைக்கதையாக்கினார். குந்தர் கிராஸ் (1979), மிலன் குந்தேரா (1988) ஆகியோரின் படைப்புகளைத் திரைக்குக் கொணர்ந்ததிலும் அவருக்குப் பங்குண்டு. கம்பளிப்புழு வண்ணத்துப்பூச்சியாவதுபோலத் திரைக்கதை படமாக மாறி மறைந்துவிட வேண்டும் என்பது அவர் கொள்கை. தம் சொற்கள் மறைவதை ஏற்ற இவ்வாசிரியர், பிறமொழிச் சொல்லொன்றை மறையவிட மறுத்த இடமே நம் ஆய்வுக்குரியது.

பீட்டர் புரூக் இயக்கத்தில் 1985இல் அவிஞ்ஞோன் விழாவில் அரங்கேறிய மகாபாரதம் ஏறத்தாழ ஒன்பது மணிநேரம் நிகழ்ந்தது. அதில் 'தர்மம்', 'க்ஷத்திரியர்' ஆகிய சொற்களைக் காரியேர் மொழிபெயர்க்கவில்லை. க்ஷத்திரியரைப் பிரெஞ்சுமொழியில் 'வீரத்திருத்தகை' எனும் பொருள்தரும் சொல்லால் குறித்தால் ஐரோப்பிய இடைக்காலமும் கிறித்தவமும் உடன்வந்துவிடும். சொல்வழியே நிகழும் இத்தகைய ஆதிக்கத்தை அவர் அஞ்சினார். தமிழில் 'அறம்', 'தருமம்' என இரண்டும் வழக்கிலிருப்பதால் மொழிபெயர்ப்பாளர் ஒன்றைத் தெரிந்துகொள்ளலாம். பிரெஞ்சுக்கு அவ்வாய்ப்பில்லை. எனவே அவர் முடிவு பொருத்தமானதே.

எனினும், கடன்பெற்ற சொல் தானே பொருளுணர்த்துவதில்லை. தன்னை இழந்தவன் மனைவியைப் பணயம் வைக்க உரிமையுண்டோ எனத் திரௌபதி சபையில் வினவுமிடத்தில், தர்மம் இன்னதென்பதை வழக்கே உணர்த்துகிறது, விளக்கம் வேண்டப்படவில்லை. கீதை மிகச் சுருங்கிய இடத்திலோ அச்சொல் ஒலியளவில் நிற்கிறது. இந்நாடகம் காப்பியத்தை அதன் பண்பாட்டுச் சூழலிலிருந்து பிரித்தெடுத்தது என்னும் ருஸ்தம் பரூச்சாவின் கண்டனம் இங்கு வலுப்பெறுகிறது.

1992இல் வெளிவந்த வல்யதோலித் விவாதம் பற்றிய அவருடைய படைப்பையும் இதனோடு வைத்து நோக்கலாம். அமெரிக்கப் பழங்குடியினர் குறித்து லாஸ் காசாசும் செபுல்வேதாவும் 1550இல் நிகழ்த்திய வாதமே அதன் பொருள். ஓரினத்தை மற்றோர் இனத்தின் சொற்களால் அளக்கும் சிக்கலே அங்கும் மையமாகிறது.

2015இல் பத்மஸ்ரீ விருது பெற்ற காரியேரின் மகாபாரதம் குறையற்றதன்று. ஆயினும் மூலச்சொல்லை நிறுத்திக்கொள்ளும் மொழிபெயர்ப்பாளர், அதனைப் பொருள்படுத்தும் நிகழ்ச்சியையும் உரையாடலையும் குறைக்காது காத்தல் வேண்டும் என்பதை அதன் நிறையும் குறையும் ஒருங்கே புலப்படுத்துகின்றன.